நகமளவு கார்டும் அதன் பட்டங்களும்

15 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் அகலமும் உடைய மைக்ரோ எஸ்டி மெமரி கார்டு, விரல் நகத்தின் அளவே இருந்தாலும், மேனியில் சுமக்கும் பட்டங்களில் பழைய ஜமீன்தார்களையும் விஞ்சிவிடுகிறது. கொள்ளளவு 2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரை இருந்தால் எஸ்டிஹெச்சி என்றும், அதையும் தாண்டி 2 டிபி வரை சென்றால் எஸ்டிஎக்ஸ்சி என்றும் முதலில் குலம் பிரிக்கப்படுகிறது. அடுத்து, சி எழுத்தின் வளைவுக்குள் நிற்கும் 10, யு எழுத்தின் மடியில் அமர்ந்த 1 ஆகிய இரண்டுமே வினாடிக்குக் குறைந்தது 10 எம்பி எழுதும் வேகத்தையே உறுதியளிக்க, யு3, வி30 ஆகிய இரண்டும் 30 எம்பி என்ற ஒன்றையே குறிக்கின்றன. ஒரே மாப்பிள்ளைக்கு இரண்டு பெயர் சூட்டியது போதாதென்று, உறையில் கொட்டை எழுத்தில் மின்னும் 150 எம்பி என்பது பெரும்பாலும் படிக்கும் வேகமாக, அதாவது பதிந்த படங்களை வெளியே எடுக்கும் வேகமாக இருக்கிறது. காணொளி தடைபடாமல் பதிவாகத் தேவைப்படுவதோ, யாரும் பெரிதாக அச்சிடாத அந்தக் குறைந்தபட்ச எழுதும் வேகம்.

போலிக் கார்டு இவற்றையெல்லாம் கடந்த ஞானி. 8 ஜிபி சிப்பை வயிற்றில் வைத்துக்கொண்டு 256 ஜிபி என்று கேமராவிடம் கூசாமல் சொல்லும் அது, இடம் தீர்ந்த பின்னும் வருவதையெல்லாம் வாங்கி விழுங்கி, காதுகுத்துப் படங்களின் வழியே வாழ்வின் நிலையாமையை உணர்த்துகிறது. ஆகவே, கருவியின் கையேடு கேட்கும் குறியை மட்டும் பார்த்து வாங்கி, விசேஷத்துக்கு முன்பே கார்டை முழுவதும் நிரப்பிச் சோதிப்பது நலம். கார்டு மாற்றும்வரை முகூர்த்தம் காத்திருப்பதில்லை.