புது கம்பெனி, பழைய மாப்பு

கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரி மாதிரி ஓர் இடத்தில் துப்புரவு ஒப்பந்தம் கைமாறினால் என்ன மாறும்? யூனிஃபார்ம் நிறம் மாறும். முதுகில் அச்சடித்த பெயர் மாறும். வார்டில் பினாயில் ஊற்றுகிற அக்கா மாறமாட்டார். அவரும் போய்விட்டால், எந்த வாளி எந்த வார்டுக்கு என்று வென்றவருக்கு யார் சொல்வது?

பிரிட்டனில் இதற்கு 2006-இல் போட்ட விதியே இருக்கிறது. ஒப்பந்தத்தை எடுப்பவர், பொதுவாக அந்த வேலைக்கென்றே இருந்த ஆட்களையும் பழைய சம்பளம், பழைய சர்வீஸோடு எடுத்துக்கொள்ள வேண்டும். நாமும் ஆட்களை எடுத்துக்கொள்கிறோம். சர்வீஸை மட்டும் கேட்டிலேயே கழற்றி வைக்கச் சொல்கிறோம். பணிக்கொடைக்கு, 2025 வரை இருந்த 1972 சட்டம் கேட்டது ஐந்து வருடத் தொடர் வேலை. ஒப்பந்தங்களுக்கு அவ்வளவு ஆயுசு கிடையாது. 24 மாதத்தில் 480 நாள் உழைத்தால் நிரந்தரம் என்கிறது தமிழ்நாட்டின் 1981 சட்டம். நாள் கணக்கில் தகராறு இல்லை, யாருடைய ஆள் என்பதில்தான் தகராறு. ஆஸ்பத்திரியைக் கேட்டால் கம்பெனியைக் காட்டும். கம்பெனியைக் கேட்டால் போன கம்பெனியைக் காட்டும். போன கம்பெனி போனை எடுக்காது.

புது சூப்பர்வைசர் ஃபாரத்தோடு உட்கார்ந்தால் பேச்சு இப்படித்தான் போகும்:

“எத்தனை வருஷமாக்கா இங்க வேலை பாக்குறீங்க?”

“பன்னெண்டு வருஷம் தம்பி.”

“அதில்லக்கா, நம்ம கம்பெனியில?”

“நேத்துலருந்து.”

“அப்ப ‘முன் அனுபவம் இல்லை’ன்னு போட்டுர்றேன். ஆமா, ஆபரேஷன் தியேட்டருக்கு எப்பிடிக்கா போகணும்?”