மவுஸ்காரர்

எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் இவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்க்க மாட்டார். மேஜைமேல் கிடக்கும் மவுஸைத்தான் பார்ப்பார். வி.ஏ.ஓ. அலுவலகமோ, கூட்டுறவு வங்கியோ, சம்பந்தி வீடோ, இடம் பற்றிய கூச்சமெல்லாம் கிடையாது. கையில் எடுத்து, மல்லாத்தி, வயிற்றுப் பக்கத்தை உற்றுப் பார்த்து, சக்கரத்தை ஒரு சுழற்றுச் சுழற்றி, "ம்ஹும்" என்பார். மணப்பாறை மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஆள்கூட மாட்டுக்காரரிடம் முதலில் ஒரு வார்த்தை நலம் விசாரிப்பார்.

இப்படி ஒருவர் இல்லாத ஊர் இல்லை. நாம் சித்தன்னவாசல் பக்கத்து ஆளை எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். வெளியூர்க்காரர்கள் ஓவியம் பார்க்க வருகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் பட்டா, சிட்டா எடுக்க இவர் கடைக்கு வருகிறார்கள். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று பலகை சொல்லும். உள்ளே போனால் மவுஸ் பற்றிய உபன்யாசம் இலவசம்.

அவருடைய மருத்துவம் எளிமையானது. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதா? மவுஸ் சரியில்லை. நெட் வரவில்லையா? மவுஸை மாற்றிப் பாருங்கள். கை வலிக்கிறதா? கேட்கவே வேண்டாம். பிரிண்டரில் மை தீர்ந்துபோனதற்கும் மவுஸுக்கும் உள்ள உறவை அவர் விளக்கியதைக் கேட்டிருக்கிறேன். அது எனக்குத்தான் புரியவில்லை. மை தீர்ந்து நின்றவர் தலையாட்டிவிட்டுத்தான் போனார்.

முதியோர் உதவித்தொகைக்கு மனுப்போட ஒரு அப்பத்தா வந்திருந்தார். ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். இவர் அட்டையை வாங்கவில்லை.

"அப்பத்தா, இந்த மவுஸ் இருக்குல்ல, இதை முதமுதல்ல மரத்துலதான் செஞ்சாங்க."

"அப்பல்லாம் எல்லாமே மரந்தானய்யா."

அவ்வளவு போதும் அவருக்கு. 1964இல் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட் யோசனை சொல்ல, பில் இங்கிலீஷ் செய்து கொடுத்த மரப்பெட்டியிலிருந்து ஆரம்பித்துவிட்டார். அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரம். ஒன்று இடம்-வலம் அளக்கும், இன்னொன்று மேல்-கீழ் அளக்கும். மேலே ஒரே ஒரு பொத்தான். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஊரறியக் காட்டினார்கள். 1970இல் காப்புரிமை கிடைத்தது, ஆனால் அது நிலையத்தின் பெயரில். பிற்பாடு சுமார் 40,000 டாலருக்கு ஆப்பிளுக்கு உரிமம் கொடுத்தார்கள் என்று எங்கெல்பார்ட்டே சொல்லியிருக்கிறார். உலகமே உருட்டுகிற பொருளுக்கு ராயல்டி என்று அவர் கைக்கு ஒரு காசு வரவில்லை. இந்த இடத்தில் மவுஸ்காரர் குரல் கம்மும். அப்பத்தாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உதவித்தொகை கிடைக்காமல் அலைகிறவருக்கு எங்கெல்பார்ட்டின் கஷ்டம் புரியாமலா போகும்?

அதற்கும் முந்திய கதையை அவர் கூட்டம் இல்லாத நாளில்தான் சொல்வார். 1952இல் கனடாக் கடற்படையின் ரேடார் திட்டத்துக்காக மூன்று பொறியாளர்கள் ஒரு பந்தைச் சட்டத்துக்குள் வைத்துக் கையால் உருட்டினார்களாம். பந்துக்கு எங்கே போவது? அங்கே ஜனங்கள் விளையாடும் சின்ன பவுலிங் பந்தையே எடுத்து மாட்டிவிட்டார்கள். பிறகு ஜெர்மனியில் டெலிஃபுங்கன் நிறுவனம் அதே மாதிரி ஒரு ரேடார் பந்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, கைக்குள் அடங்கும் அரைக்கோளமாக்கி 1968 அக்டோபரிலேயே வெளியிட்டது. எங்கெல்பார்ட் மேடை ஏறுவதற்குச் சில வாரம் முன்னால்! ஜெர்மன் காப்புரிமை அலுவலகமோ இதில் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை என்று மனுவைத் தள்ளிவிட்டது. "மனுவைத் தள்ளுறதுல எல்லா ஊரு ஆபீஸும் ஒண்ணுதான் சார்" என்பார்.

அவரிடம் எல்லா மவுஸும் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அவ்வளவு காசு ஜெராக்ஸில் வராது. சென்னை ரிச்சி தெருவில் பொறுக்கியது போக, மற்றதையெல்லாம் படமாக அச்சடித்து, தன் கையாலேயே லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருக்கிறார். நடுவில் பிள்ளையார். வாகனப் பொருத்தம் கருதித்தான் அவருக்கு அந்த இடம்.

படங்களில் முதலாவது, 1998இல் ஐமேக்கோடு வந்த வட்ட மவுஸ். அச்சு அசலாக அப்பம். எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால் என்று பிடித்த பிறகுதான் தெரியும். பெரும்பாலும் தப்பாகத்தான் தெரியும். அதைச் சாதாரண மவுஸ் வடிவத்துக்குக் கொண்டுவர மேலே மாட்டும் உறைகளை வேறு கம்பெனிகள் விற்றுப் பிழைத்தன. அடுத்தது 2006இல் சோனி விட்ட டெலிபோன் மவுஸ். அழைப்பு வந்தால் விரித்துக் காதில் வைத்துப் பேசலாம்.

"பேசிக்கிட்டு இருக்கும்போது எப்படிங்க க்ளிக் பண்றது?" என்று கேட்டேன்.

"பேசும்போது என்ன சார் வேலை?"

மூன்றாவது, 2009இல் அறிவிக்கப்பட்ட 18 பொத்தான் மவுஸ், கூடவே ஒரு ஜாய்ஸ்டிக். மனிதனுக்கு ஒரு கையில் ஐந்து விரல் என்ற தகவல் அதை வடிவமைத்தவர்களுக்குக் கடைசிவரை போய்ச் சேரவில்லை போலும். வீடியோ கேம் ஆடுபவர்களுக்கான மவுஸ்கள் தனி வரிசை. ஒரு கம்பெனி எடை கூட்டிக்கொள்ள இரும்புத் துண்டுகளைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுக்கும். இன்னொரு கம்பெனி எடை குறைக்க முதுகெல்லாம் ஓட்டை போட்டு, அதற்குக் கூடுதல் விலை வாங்கும்.

ஆனால் மவுஸ்காரரின் உண்மையான பக்தி ஆப்பிளின் மேஜிக் மவுஸ் மேல்தான். 2015இல் வந்த இரண்டாம் பதிப்பில் சார்ஜ் ஏற்றும் துளையை அடிவயிற்றில் வைத்தார்கள். சார்ஜ் ஏறும்போது கவிழ்ந்து கிடக்கும், தொட முடியாது. உலகமே கேலி செய்தது. 2024இல் துளையின் வகையை மாற்றினார்கள், இடத்தை மாற்றவில்லை. இவருக்கு அதில் கோபமே இல்லை. "ரெண்டு நிமிஷம் படுத்து எந்திரிச்சா ஒம்பது மணி நேரம் உழைக்கும்னு கம்பெனியே சொல்லுது. நம்ம வீட்டுப் பயலுக நேர் தலைகீழ்."

பந்து மவுஸ் காலம்தான் அவருடைய பொற்காலம். அடிமூடியைத் திருகினால் ரப்பர் பூசிய இரும்புக் குண்டு உள்ளங்கையில் பொத்தென்று விழும். உள்ளே இரண்டு சின்ன உருளைகள். அவற்றைச் சுற்றி மேஜைத் தூசியும் கையழுக்கும் சேர்ந்து கறுப்பாக ஒரு வளையம் கட்டியிருக்கும். ஊக்கு நுனியால் ஒரு முனையை நெம்பி, நகத்தால் பிடித்து மெதுவாக இழுத்தால், அந்த வளையம் அறுபடாமல் முழுசாக உரிந்து வரும். அப்படி வந்த நாளில் அவர் ஜெராக்ஸுக்குச் சில்லறை கேட்க மாட்டார். பள்ளிக்கூடக் கணினி அறையில் அந்தக் குண்டுகள் கோலிக் குண்டாகப் போய்க்கொண்டிருந்த காலமும் அதுதான். ஆசிரியர் பாவம், குண்டில்லாத மவுஸை வைத்துக்கொண்டு குண்டுள்ள மவுஸ் எப்படி வேலை செய்யும் என்று கரும்பலகையில் படம் போடுவார்.

பிறகு சிவப்பு விளக்கு மவுஸ் வந்தது. உள்ளே ஒரு குட்டிக் கேமரா. 1999இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த மாதிரியே வினாடிக்கு 1,500 படம் எடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்குப் போட்டது. அந்த நகர்வை அளக்கும் அலகுக்கு மிக்கி என்று பெயர். மிக்கி மவுஸ் நினைவாகத்தான். இது தெரிந்த நாளிலிருந்து மவுஸ்காரர் அங்குலத்தைக் கைவிட்டுவிட்டார். "அந்த ஸ்டூலை ரெண்டு மிக்கி தள்ளிப் போடும்மா" என்று கடைப் பெண்ணிடம் சொல்வார். ஸ்டூலை எத்தனை முறை தள்ளினாலும் கணக்குச் சரியாக வராது, ஒரு மிக்கி மயிரிழை அளவுதானே.

சிவப்பு விளக்கு மவுஸுக்கு முதல் ஆயுத பூஜை நடந்தது தனிக்கதை. கடையில் எல்லாக் கருவிக்கும் சந்தனம், குங்குமம். கீபோர்டுக்கு மேல்வரிசையில் பொட்டு. சி.பி.யு.வுக்குப் பட்டை. மவுஸுக்கு முதுகில் வைத்தால் கையில் ஒட்டும் என்று, உதவிக்கு வந்த பையன் யோசித்து, கவிழ்த்து, அடியில் இருந்த கண்ணுக்கு நேராக அழுத்தி ஒரு பொட்டு வைத்துவிட்டான். மறுநாள் மவுஸுக்கு நல்ல பார்வை போச்சு. அம்பு திரையின் ஒரு மூலையில் போய் நின்றுகொண்டு நகர மறுத்தது. வருமானச் சான்றுக்கு வந்த கூட்டம் வாசல்வரை நிற்க, காது குடையும் பஞ்சுக் குச்சியை வைத்துக்கொண்டு கண் அறுவை சிகிச்சை நடந்தது. பையனை அவர் திட்டவில்லை. "கண்ணுன்னு தெரிஞ்சு வச்சிருக்கான் பாருங்க, அந்த அறிவு வேணும்" என்றார்.

வெளியூர் ஆள் யாராவது கடையில் சிக்கினால் சித்தன்னவாசலுக்கு அழைத்துப் போவார். நானும் போயிருக்கிறேன். குன்றின் மேல் ஏழடிப்பட்டம். இயற்கைக் குகைக்குள் சமண முனிவர்களுக்காக வழவழவென்று செதுக்கிய 17 படுக்கைகள், தலைமாட்டில் தலையணை மேடு. ஒன்றில் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. கம்பிக்கு வெளியே நின்று அவர் வலது கையைக் குவித்து, காற்றில் இப்படியும் அப்படியும் நகர்த்தினார்.

"என்ன செய்றீங்க?"

"இந்தக் கல்லுல ஆப்டிகல் ஓடுமான்னு பாக்கிறேன். கண்ணாடிலதான் சார் ஓடாது, பிடிச்சுக்க ஒண்ணுமிருக்காது. கருங்கல்லுல புள்ளி புள்ளியா இருக்குல்ல, அது போதும். சும்மா பறக்கும்."

பையில் ஒரு மவுஸ் இருந்தது எனக்குத் தெரியும். காவலாளி நின்றுகொண்டிருந்ததும் தெரியும். பை திறக்கப்படவில்லை. உடுத்திய துணிமுதல் எல்லாவற்றையும் விட்டவர்கள் படுத்த இடத்தில், ஒரு யு.எஸ்.பி. வயரைக்கூட விட முடியாத மனிதர் பெருமூச்சு விட்டுக்கொண்டு இறங்கினார்.

கீழே அறிவர் கோயில். 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்ததாகக் கல்வெட்டுச் சொல்கிறது. மண்டபத்து விதானத்தில் தாமரைக் குளம். மீன், வாத்து, யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள். கூட வந்தவர்கள் வண்ணத்தைப் பார்த்தார்கள். இவர் மணிக்கட்டைப் பார்த்தார். பூவைப் பிடித்திருக்கும் கையைக் காட்டி, "பாத்தீங்களா, மணிக்கட்டு மடங்கவே இல்ல. இப்ப நாலாயிரம் ரூபாய்க்குச் செங்குத்து மவுஸுன்னு விக்கிறான்ல, அதைப் பிடிக்கிற பிடி இதுதான்" என்றார். தூணில் ஆடும் பெண் கையைத் துதிக்கைபோல் நீட்டியிருப்பதைப் பார்த்துக் கொஞ்சம் கவலைப்பட்டார். "இப்படியே வச்சிருந்தா தோள்பட்டை போயிரும்." பிறகு குளம் முழுக்க ஒரு எலியைத் தேடினார். யானைக்கு இடம் கொடுத்தவர்கள் எலிக்குக் கொடுக்கவில்லையே என்று வீடு வரும்வரை ஆறவில்லை.

அவருக்கு உலகத்தில் இரண்டு மனத்தாங்கல்கள். முதலாவது, 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் விரலால் தடவியே கம்ப்யூட்டர் பழகிவிட்டார்கள். மவுஸ் பிடிக்கத் தெரியாத ஒரு தலைமுறை கண்முன்னால் வளர்ந்துவிட்டது என்பார். 1990இல் விண்டோஸில் சீட்டாட்டத்தை வைத்ததே மக்கள் இழுத்துப் போடப் பழகத்தான் என்று ஆதாரம் காட்டி, வாடிக்கையாளர் காத்திருக்கையில் தானும் ஆடிக் காட்டுவார். இரண்டாவது, பிரணவ் மிஸ்திரி. குஜராத்தில் பிறந்த இந்த ஆராய்ச்சியாளர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் 2010இல் மவுஸே இல்லாத மவுஸைச் செய்து காட்டினார். வெறும் மேஜைமேல் மவுஸ் பிடிப்பதுபோல் கையை வைத்தால் போதும். அகச்சிவப்பு லேசரும் கேமராவும் விரலசைவைப் பார்த்துக்கொள்ளும். இதைக் கேள்விப்பட்ட அன்று அவர் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. சாயங்காலம் தெளிந்துவிட்டார். "மவுஸ் இல்லாட்டியும் மவுஸ் பிடிக்கிற மாதிரிதான் கையை வைக்கணுமாம். அப்ப ஜெயிச்சது யாரு?"

இவ்வளவு நடந்தும் கடை ஓடுகிறதே என்று கேட்பீர்கள். ஓட்டுவது அந்தக் கடைப் பெண். அன்னவாசலிலிருந்து சைக்கிளில் வருகிறது. மவுஸைத் தொடாது. டேப், ஆல்ட், கன்ட்ரோல் என்று விரல்கள் கீபோர்டில் பாய, தேர்வாணைய விண்ணப்பத்தை அவர் மவுஸுக்குப் பேட் தேடுவதற்குள் முடித்து அச்சுக்கு அனுப்பிவிடும். பேட் என்பது போன வருஷத் தினசரிக் காலண்டரின் அட்டை. வாடிக்கையாளர் பலரும் அவரிடம் நிற்பதில்லை, நேராக அந்தப் பெண்ணின் மேஜைக்குப் போய்விடுகிறார்கள். அப்பத்தாவின் மனுவும் எங்கெல்பார்ட் கதை பாதி வருவதற்குள் அங்கே பதிவாகிவிட்டது. மவுஸ்காரருக்கு இது தெரியும். மத விரோதியைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறோம் என்ற வருத்தத்தோடு பொறுத்துக்கொள்கிறார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அந்தப் பெண், "அண்ணே, சம்பளம் கொஞ்சம் கூட்டித் தாங்கண்ணே" என்று கேட்டது. அவர் யோசித்தார். பீரோவைத் திறந்தார். பிரிக்காத ஒரு பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார்.

"செங்குத்து மவுஸும்மா. நாலாயிரம் பெறும். உனக்குன்னுதான் வாங்கி வச்சேன்."

அந்தப் பெண் பெட்டியை வாங்கி, திருப்பி, விலை ஒட்டியிருக்கும் பக்கத்தைப் பார்த்தது.

"பில்லு இருக்காண்ணே?"

"எதுக்கும்மா?"

"பில்லோட போட்டாத்தான் ஓ.எல்.எக்ஸ்ல நல்ல விலைக்குப் போகும்."