ஒரே கொத்து, பல தலைமுறை

கேள்வி: கோள விண்மீன் கொத்தில் உள்ள நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே வாயுவில், ஒரே சமயத்தில் பிறந்தவைதானே?
– ஒரு வாசகி, சிம்பாங் அம்பாட், பினாங்கு

பதில்: வெகுகாலம் அப்படித்தான் நம்பினார்கள். உடன்பிறப்புகள் என்று எண்ணிய வீட்டில் பெரியப்பா பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை ஹபிள் தொலைநோக்கி காட்டிக்கொடுத்துவிட்டது! சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒமேகா சென்டாரி என்ற கோளக் கொத்தில், ஹைட்ரஜனை எரித்துக்கொண்டிருக்கும் நட்சத்திரங்களின் வரிசை இரண்டாகப் பிளந்திருப்பது 2004-இல் வெளியானது. அதைவிட வியப்பு, நீலம் கூடிய வரிசையில்தான் இரும்பு அதிகம். இரும்பு கூடினால் சிவப்பல்லவா கூட வேண்டும்? விடை ஹீலியம். அந்த நட்சத்திரங்களின் எடையில் அது ஏறக்குறைய 40 விழுக்காடு.

ஹீலியம் மிகுந்தால் எரிபொருள் குறைவு, உள்ளே சூடு அதிகம், ஆயுள் குட்டை. முதுமையில் அத்தகைய நட்சத்திரம் மேலுறை மெலிந்து, புற ஊதாக் கதிரைக் கொட்டும். அதை நம் காற்றுமண்டலம் தடுத்துவிடுவதால் விண்வெளிக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். 2015-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் போனது. பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் அன்னபூர்ணி சுப்பிரமணியமும் உடன் ஆய்வாளர்களும் அதன் புற ஊதாத் தொலைநோக்கியால் என்ஜிசி 1851, ஒமேகா சென்டாரி ஆகிய கொத்துகளை ஆராய்ந்தார்கள். பின்னால் பிறந்தவற்றுக்கு இவ்வளவு ஹீலியத்தை வாரி இறைத்த மூத்த தலைமுறை நட்சத்திரங்கள் எவை என்பதில் மட்டும் வாக்குவாதம் ஓயவில்லை. எந்த விளக்கமும் முழுதாகப் பொருந்தவில்லை. எனக்கு இதில் மிகப் பிடித்ததே அந்த வாக்குவாதம்தான்.

மே கடைசியில் இரவு 10 மணிவாக்கில், நிபோங் திபால் பக்கம் தெற்கே பைனாகுலரைத் திருப்புங்கள். சென்னைக்காரர்களைவிட உங்களுக்கு ஒமேகா சென்டாரி இன்னும் உயரத்தில் தெரியும்.