ஒரு எஞ்சின் நின்றால்?

கேள்வி: விமானப்படைக்கு வந்திருக்கும் புதிய சி-295 சரக்கு விமானம் விமானிகளுக்குப் பிடிக்குமா? – வாசகி, மாமல்லபுரம்

பதில்: மாப்பிள்ளைக்கு எவ்வளவு சம்பளம் என்று பெண்ணின் அப்பா கேட்பார், கோபம் வந்தால் எப்படி இருப்பார் என்று பெண்தான் கேட்பாள். விமானமும் அப்படித்தான். வாங்குகிறவர் எத்தனை டன் ஏற்றலாம் என்பார். விமானி கேட்பது, ஒரு எஞ்சின் நின்றுவிட்டால்?

சி-295 மாதிரி, விசிறி சுழற்றும் இரண்டு எஞ்சின் கொண்ட இரட்டை டர்போபிராப்பில் ஒன்று நின்றால், நின்ற பக்கமாக விமானம் இழுக்கும். மறுபக்கப் பெடலை அழுத்தி மிதித்து நேராக்க வேண்டும். நின்ற எஞ்சினின் விசிறி சுவர் மாதிரி காற்றைத் தடுக்கும். தகடுகளைத் திருப்பி விளிம்பைக் காற்றுக்குக் காட்ட வேண்டும். தரையை விட்டு எழும்பிய நேரமென்றால், எல்லாம் சில நொடிக்குள். அப்போது விமானம் எவ்வளவு ஒத்துழைக்கிறதோ, அதற்குத்தான் விமானி மார்க் போடுவார்.

சி-295, விமானப்படையின் பழைய ஆவ்ரோ விமானத்துக்கு மாற்று. 2021-ல் ஒப்பந்தம், மொத்தம் 56, அதில் 40 வதோதராவில் தயாரிப்பு. குட்டை ஓடுதளம் போதும், பின்பக்கம் சரிவுக் கதவும் உண்டு.

விமான ஆபத்து நம் பக்கத்தில் வெறும் பேச்சில்லை அம்மா. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 விமானம், 29 பேருடன் வங்கக் கடலுக்கு மேலே காணாமல் போனது. அதுவும் இரட்டை டர்போபிராப்தான். சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கி.மீ. தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் படத்தில் தெரிந்ததாக 2024 ஜனவரியில்தான் அறிவித்தார்கள். ஏழரை வருஷம் அந்தக் குடும்பங்கள் காத்துக் கிடந்தன.

கடலில் விழுந்தால் இருக்கும் இடத்தைத் தானே சொல்லும் கருவி சி-295-ல் உண்டா? எத்தனை டன் என்பதற்கு முன்னால் நான் கேட்பது இதைத்தான்.