திருவிதாங்கூர் தீம்

கல்யாணம் நாகர்கோவிலில், ரிசப்ஷன் திருவனந்தபுரத்தில் என்று முடிவானபோது எங்கள் வீட்டில் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. எழுபது கிலோமீட்டர் சொச்சம். களியக்காவிளை தாண்டினால் கடைப்பலகையில் எழுத்து மாறும், புரோட்டா மாறாது. பிரச்சினை வேறு ரூபத்தில், கையில் டேப்லெட்டுடன் வந்தது.

"தீம் எந்தா?" என்றார் ஈவென்ட் மேனேஜ்மென்ட் இளைஞர்.

அம்மை யோசித்துவிட்டு, "மஞ்சளும் செவப்புமா இருந்தாப் போரும்" என்றாள். இளைஞர் அவளை இரக்கத்துடன் பார்த்து, படம் படமாகத் தள்ளிக் காட்டினார். ராஜஸ்தான் அரண்மனை, பாலித் தீவு, மேடை முழுக்க வெள்ளையாக ஏதோ ஒரு ஐரோப்பியத் தோட்டம். கடைசியாக வந்தது 'திருவிதாங்கூர் ஹெரிட்டேஜ்'. இருப்பதிலேயே விலை கூடியது அதுதான். மாமியார் அந்த இடத்தில் விரலை வைத்தார், எடுக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் நம்முடைய பாரம்பரியத்தையும் ஒன்று பார்க்கட்டுமே என்று நல்ல மனதோடுதான் சொன்னார்.

இதை ஊரில் வந்து ஆச்சியிடம் சொன்னோம். ஆச்சி பிறந்தது திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில். 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேரும்வரை எங்கள் ஊருக்குத் தலைநகரே திருவனந்தபுரம்தான். வெற்றிலையை மடித்துக்கொண்டே ஆச்சி கேட்டாள்: "திருவிதாங்கூரு பாக்கதுக்கு எதுக்கு மக்ளே அவ்வளவு ரூவா? என்னக் கொண்டு மேடையில இருத்துனாப் போராதா?"

ரிசப்ஷனன்று மத்தியானமே எங்கள் ஆட்கள் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். தம்பி தன் பங்குக்குத் தெர்மாகோலில் ஆளுயர இதயம் ஒன்று வெட்டி, எங்கள் இருவர் பெயரையும் ஜிகினாவில் எழுதி, வேனின் கூரையில் கட்டிக் கொண்டுவந்திருந்தான். வாசலிலேயே மறித்தார் மண்டப மேனேஜர். "இவிடெ கிரீன் புரோட்டோகோலாணு." கேரளத்தில் சுசித்வ மிஷன் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. கல்யாணமானாலும் காதுகுத்தானாலும் பிளெக்ஸ் கூடாது, தெர்மாகோல் கூடாது, பிளாஸ்டிக் கப் கூடாது. நல்ல சட்டம், நம்மூருக்கும் வேண்டியதுதான். ஆனால் ஒருவன் இதயத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்கும்போது அதை விளக்கக் கூடாது. இதயம் வேனுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

அப்பா கொண்டுவந்த இரண்டு குலைவாழைகளுக்கும் அதே கதி. மட்டி வாழை, நுனிவரை காய்த்துத் தொங்கும் குலை. வாசலில் கட்டப் போனால் இளைஞர் ஓடிவந்து, அங்கே குருத்தோலைத் தோரணம் வருகிறது, குலைவாழை தீமுக்கு ஒத்துவராது என்றார். திருவிதாங்கூரில் வாழை கிடையாதா என்று அப்பா கேட்டது நியாயமான கேள்வி. பதில் இல்லை. வாழைகள் கார் நிறுத்துமிடத்தில் கட்டப்பட்டன. ஐப்பசி மாதம். சாயங்காலம் சொல்லிவைத்தாற்போல இடியும் மழையும் வந்து வாசல் குருத்தோலைத் தோரணம் நனைந்த கோழியாய்த் தொங்கியது. மழைக்குக் கார்களின் அருகே ஒதுங்கிய விருந்தினர்கள் மட்டிப்பழத்தை ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தின்றுவிட்டார்கள். ராத்திரி பார்த்தால் மொட்டைத் தண்டு. அன்றைய அலங்காரங்களில் முழுப் பயன் கொடுத்தது அது ஒன்றுதான் என்று அப்பா இன்றும் சொல்கிறார்.

இனி மேடை. பட்டுத்திரையை விலக்கியதும் பின்னால் துணியில் அச்சடித்த ஒரு பிரம்மாண்ட அரண்மனை. ஓட்டுக்கூரை, மரவேலைப்பாடு செய்த முகப்பு, பக்கத்தில் மணிமேடை. மாப்பிள்ளை வீட்டார் ஆஹா என்றார்கள். எங்கள் பக்கத்து முதல் வரிசையிலிருந்து பெரியம்மையின் குரல் கேட்டது: "எளா, இது நம்ம தக்கலைக் கொட்டாரம்லா!"

அதேதான். பத்மநாபபுரம் அரண்மனை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூர் மன்னர்கள் ஆண்ட இடம். நிற்பது தமிழ்நாட்டு மண்ணில், பார்த்துக்கொள்வது கேரளத் தொல்லியல் துறை. குமரி மாவட்டத்தில் பள்ளிக்கூடம் படித்த எவரும் புளிசாதம் கட்டிக்கொண்டு அங்கே சுற்றுலா போயிருப்பார்கள். சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து போட்டதாகச் சொல்லும் அந்தக் கறுத்த தரையில் முகம் பார்த்துத் தலைவாரி, காவலாளியிடம் திட்டு வாங்கியிருப்பார்கள். இப்போது அதே கொட்டாரத்தின் முன்னால் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், வாடகைக்கு.

அரண்மனைக்கு இரு பக்கமும் மாலைகளையே திரைபோலத் தொங்கவிட்டிருந்தார்கள். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நடுவில் நொச்சி இலை. இதழை மடித்து மடித்து நாரில் சேர்த்து, ரத்தினம் பதித்ததுபோலப் பாய்மாதிரி தட்டையாகக் கட்டுவது. தோவாளை மாணிக்கமாலை. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் கட்டுவார்கள். பத்மநாபசுவாமி கோயிலுக்கும் அங்கிருந்துதான் போகும். 2025இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. அன்று மேடையோரம் நின்ற இளைஞர் அதை 'டிரடிஷனல் கேரளா ஃப்ளோரல் கர்ட்டன்' என்று என் சித்தியிடமே விளக்கிக்கொண்டிருந்தார். சித்தி கல்யாணத்துக்கு முன்னால் பூக்கட்டிக் கைச்செலவுக்குச் சம்பாதித்தவள். "அப்பிடியா மக்கா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

அதோடு விட்டார்களா எங்கள் ஆட்கள்? பாரம்பரியக் கணக்கெடுப்பு தொடங்கிவிட்டது. மாமியார் தந்த கசவுப் புடவை பாலராமபுரத்துத் தறியில் நெய்தது. அந்த நெசவாளர் சமூகத்தை இருநூறு வருஷத்துக்கு முன்னால் பாலராம வர்மா காலத்தில் நாகர்கோவில், திருநெல்வேலி பக்கமிருந்துதானே கூட்டிப்போனார்கள் என்று மாமா ஒருவர் எடுத்துக் கொடுத்தார். பஃபேயில் போளிமேல் பாயசம் ஊற்றித் தந்த இடத்தில், போளி யாருடையது என்று ஒரு சின்ன மாநாடு. இந்தப் பெருமிதம் கொஞ்சம் ஓவர் என்பது என் அபிப்பிராயம். தோவாளைச் சந்தைக்கு ரோஜா வருவது ஓசூரிலிருந்து. அதை யாரும் அன்று சொல்லவில்லை.

என்னுடைய வேலை நிற்பது. புகை இயந்திரம் ஒன்றைக் காலடியில் வைத்து, நான் மேகத்திலிருந்து நடந்து வருவதாக ஏற்பாடு. மேகம் அளவுக்கு மீறிப் போனதில் முதல் வரிசைக்கு இருமல். "பிள்ளையக் காணலியே?" என்று ஆச்சி எழுந்துவிட்டாள். அதன்பின் மணிக்கணக்கில் சிரிப்பு. வருகிறவர் யாரென்று இவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கைகொடுத்தவர்களில் ஒருவர் பக்கத்து ஹாலுக்குப் போக வேண்டியவர் என்று கவரைப் பிரித்தபோது தெரிந்தது.

சென்னை மாமாவை மட்டும் காணவில்லை. சாயங்கால விமானத்தில் வந்து இறங்கியிருக்க வேண்டியவர். அந்தத் தேதியில் அவ்வளவு பெரிய மண்டபம் காலியாகக் கிடைத்தபோதே நாங்கள் சந்தேகப்பட்டிருக்கலாம். அன்று ஐப்பசி ஆறாட்டு. பத்மநாபசுவாமி கடலாடச் சங்குமுகத்துக்குப் போகும் வழி விமான ஓடுபாதையின் குறுக்கே போகிறது. விமான நிலையம் வந்ததே 1932இல்தான். பெருமாள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே போய்க்கொண்டிருப்பவர். ஐப்பசியிலும் பங்குனியிலும் வருஷத்துக்கு இரண்டு நாள், யானையும் வாளேந்திய அரச குடும்பத்தவரும் ஓடுபாதையைக் கடந்து போய்த் திரும்பும்வரை சில மணி நேரம் ஒரு விமானமும் ஏறாது, இறங்காது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு இது சூரியன் கிழக்கே உதிப்பதுபோல, சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. எங்கள் ஜோசியருக்கோ விமானத்தோடு பழக்கமில்லை.

மாமா கோட்டு சூட்டுடன் வந்து சேர்ந்தபோது அலங்காரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். போட்டோ எடுக்காமல் போகமாட்டேன் என்றார். எடுத்தோம். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது: நடுவில் மாமா, இந்தப் பக்கம் நாங்கள், பின்னால் பாதி அரண்மனை. மீதிப் பாதியை மடித்துக் கக்கத்தில் வைத்தபடி ஒரு பையன்.

பஸ் கிளம்பும்போது அம்மை அழுதாள். ஆச்சி அழவில்லை, குறைபட்டுக்கொண்டாள். நவராத்திரிக்கு வருஷாவருஷம் பத்மநாபபுரத்து சரஸ்வதியையும் வேளிமலை முருகனையும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளப் பண்ணுவார்கள். களியக்காவிளையில் போலீஸ் மரியாதை எல்லாம் உண்டு. "அவியளையாவது பூசை முடிஞ்சதும் திருப்பிக் கொண்டாந்து விட்டுருவாவ" என்றாள் ஆச்சி, இவர் முகத்தைப் பார்த்து. அன்றிலிருந்து இவர் நவராத்திரிக்குத் தவறாமல் என்னை ஊரில் கொண்டுபோய் விடுகிறார்.

ஈவென்ட் பில் பின்னால் வந்தது. மலர்த்திரைக்குப் போட்டிருந்த தொகையைப் பார்த்து அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தோவாளைச் சந்தையில் தனக்குத் தெரிந்த கமிஷன் கடைக்காரரிடம் போய், இவ்வளவு மாணிக்கமாலை உண்மையில் என்ன விலை வரும் என்று விசாரித்தார். கடைக்காரர் அளவைக் கேட்டார், தேதியைக் கேட்டார். பிறகு கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார்:

"அண்ணாச்சி, அது நம்ம கடைச் சரக்குதான். திருவனந்தபுரத்துப் பெரிய பார்ட்டின்னு சொன்னாவ. அதான் வெலையக் கொஞ்சம் ஏத்திப் போட்டேன்."