மாப்பிள்ளையின் ஸ்டாப்வாட்ச்

நேற்று ராபர்ட்சன்பேட்டையில் டீ குடிக்கப் போன என்னைத் தங்கச்சி வீட்டுக்காரர் மடக்கினார். "மச்சான், இன்னுமா விண்டோஸ்ல எடிட் பண்றீங்க?" கேட்ட தொனி, நான் வேட்டி கட்ட மறந்து வந்துவிட்டதுபோல இருந்தது. என் டீ ஆறிப்போனது.

மாப்பிள்ளையிடம் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் உண்டு. எடிட் பண்ணத்தான் ஒன்றும் இல்லை. இருப்பது ஒரே ஒரு ட்ரோன் ஷாட்: தங்கச் சுரங்கத்துக் கழிவு குவிந்த சயனைடு மேடு, ஒரு நிமிஷம். அதை மூன்றிலும் எக்ஸ்போர்ட் போட்டு, ஸ்டாப்வாட்ச்சோடு உட்கார்ந்து நோட்டில் எழுதுவார். ஃபேன் போட்டு ஒரு தடவை, நிறுத்தி ஒரு தடவை. ஜன்னலைத் திறந்து ஒன்று, சாத்தி ஒன்று. மழை நாளுக்குத் தனிப் பக்கம். நடுவில் தங்கச்சி மிக்ஸி போட்டால் அந்த ரீடிங் செல்லாது, முதலிலிருந்து ஆரம்பம். சட்னி இல்லாமல் இட்லி தின்கிறது அந்தக் குடும்பம். 2001-இல் சுரங்கத்தை மூடியபிறகு வளராத அந்த மேடு, அவர் ஹார்ட் டிஸ்கில் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது.

வித்தியாசமே இல்லை என்று சொல்லவில்லை. இந்த மூன்றில் ஃபைனல் கட் ப்ரோ மேக்கில் மட்டும் ஓடும். பிரீமியர் ப்ரோ லினக்ஸ் பக்கம் வருவதில்லை. டாவின்சி ரிசால்வ் மூன்றிலும் ஓடும். ஆனால் லினக்ஸில் அதன் இலவசப் பதிப்பு ஹெச்.264 கிளிப்பை ஏற்காது. நம் போனும் ட்ரோனும் பல சமயம் எடுத்துத் தருவது அதைத்தானே? முதலில் வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அந்த நேரத்தை மட்டும் மாப்பிள்ளை நோட்டில் ஏற்றுவதில்லை. "லினக்ஸ்தான் லேசு மச்சான்" என்பார். மேக்கிலோ, 2021-இல் வந்த எம்1 ப்ரோ சிப்பிலேயே ப்ரோரெஸ் வீடியோ வேலைக்கென்று தனிப் பகுதி வைத்துவிட்டார்கள். அப்புறம் மேக்கின் வேகத்துக்கு ஓஎஸ்ஸை மெச்சுவதா, சிப்பையா? கேட்டால் கோபம் வருகிறது.

மூன்றில் எது வேகம் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன், கரண்ட் போய்விட்டது. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்து கரண்ட் கொண்டுவந்த ஊர் இது, பெருமைக்குக் குறைச்சலில்லை. கல்யாண வீடியோ கேட்டு மாரிக்குப்பம் பார்ட்டியோ போன் மேல் போன். எந்த ஓஎஸ் என்று அவர்களில் ஒருத்தரும் கேட்கவில்லை. "தாலி கட்டுற இடம் வந்துடுச்சாண்ணே?" என்றுதான் கேட்கிறார்கள். வந்துவிட்டது, நாதஸ்வரம்தான் இன்னும் சேரவில்லை.

மாப்பிள்ளை நோட்டோடு என்னைத் தேடுகிறாராம். உங்களிடம் விசாரித்தால், பங்காருப்பேட்டைக்கு ரயிலேறிவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.