டை கட்டிய மெக்கானிக்கல்

பொறியியல் மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் கல்லூரியில் பிளேஸ்மென்ட் பயிற்சி ஆரம்பித்துவிடும். மெக்கானிக்கல் பையன் லேத்தை விட்டுப் பைத்தானுக்குத் தாவுவான். சிவில் பெண் சிமென்ட்டை மறந்து ஜாவா படிப்பாள். எந்தப் பிரிவில் நுழைந்தாலும் வெளியேறும் வாசல் ஐ.டி.தான்.

அப்புறம் ஆப்டிட்யூட். இரண்டு குழாய் தொட்டியை நிரப்ப, மூன்றாவது காலிசெய்ய, எத்தனை மணி நேரத்தில் நிரம்பும்? விடுதித் தொட்டியில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை என்பது பாடத்திட்டத்தில் வராது.

நேர்காணல் ஒத்திகைதான் உச்சம். சித்திரை வெயிலில் டை கட்டி, 'உங்கள் பலவீனம் என்ன?' என்றால், 'அளவுக்கு மீறி உழைப்பது' என்று அறுபது பேரும் ஒரே குரலில் ஒப்பிக்க வேண்டும். நாலு அரியர் என்ற உண்மையான பதிலை யாரும் சொல்லித்தருவதில்லை.

திறன் போதாதென்று அரசும் 2022-இல் 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் வீட்டில் தாய்மாமா ஒரே வரியில் முடித்துவிடுவார்: "அதெல்லாம் கிடக்கட்டும் மாப்ள, குரூப் 4 எழுதுடா."

குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும்.